விரல் நிமிரக் காத்திருக்கும் நாட்கள்
(ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



மாற்கு 3ஆம் அதிகாரத்தில், சூம்பின கையையுடைய மனிதனை ஆண்டவர் ஒரே வார்த்தையில் சுகமாக்கினார். வில்லியனூர், பாகூர் கிராமங்களிலிருந்து எங்களிடம் வருகிற கைகளோ ஒரே நாளில் நிமிருவதில்லை.

பாகூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார்கள். நாற்று நடும் கூலி வேலை. தொழுநோய் மாத்திரையால் குணமாகிவிட்டது. ஆனால் நரம்பு முன்னமே கெட்டதால் வலது கையின் சுண்டு விரலும் மோதிர விரலும் மடங்கி நின்றன. சோறு சிந்துகிறதென்று பந்திக்குப் போவதையே விட்டுவிட்டார்கள். "ஐயா, சீக்கிரம் ஆபரேஷன் பண்ணச் சொல்லுங்க" என்றார்கள்.

மேல்நாடுகளில் உள்ளங்கைச் சவ்வு தடித்து விரலை இழுக்கும் வேறொரு வியாதி அதிகம். அதற்கு அந்தத் தடிப்பை ஊசிமுனையால் அறுப்பார்கள். கரைக்கும் மருந்தை ஊசியாகப் போடுவதும் உண்டு. தொழுநோயில் நரம்பு செயலிழந்து தசை வலுவிழப்பதால் அந்த ஊசிகள் உதவா.

இங்கே முதல் வைத்தியம், கையைத் தண்ணீரில் ஊறவைத்து, எண்ணெய் தடவி, விரலை மெல்ல நீட்டிப் பழக்குவது. மூட்டு இறுகியிருந்தால், நீளும் அளவுக்கு நீட்டி மாவுக்கட்டுப் போட்டு, சில நாட்களுக்கொருமுறை மாற்றி, இன்னும் சற்று நீட்டுவார்கள். வலிந்து இழுத்தால் உள்ளே கிழியும். உணர்ச்சியற்ற விரல் வலியைச் சொல்லாது. ஆகவே ஒவ்வொரு முறையும் புண் உண்டா என்று பார்க்கிறார்கள்.

கொல்லிமலையில் 1914இல் மிஷனெரி குடும்பத்தில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1940களின் பிற்பகுதியில் வேலூரில் இத்தகைய கைகளுக்குத் தசைநாரை மாற்றிப் பொருத்தும் ஆபரேஷனைத் தொடங்கினார். அதுவும் மூட்டு இளகிய பிறகே பலன் தரும்.

அந்த அம்மா இரண்டு கட்டுக்கு வரவில்லை. நடவு நேரம், வந்தால் அன்றைய கூலி போய்விடும். திரும்பி வந்தபோது விரல்கள் பழையபடி மடங்கியிருந்தன. அவர்களைக் குறைசொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. உங்கள் காணிக்கையிலிருந்து பஸ் கட்டணமும் வீட்டுக்கு அரிசியும் கொடுத்தோம். அதன்பின் ஒரு கட்டும் தவறவில்லை. ஆபரேஷன் இனிமேல்தான்; ஆனாலும் இன்று சோறு அதிகம் சிந்தாமல் சாப்பிடுகிறார்கள். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்!

பிரியமானவர்களே, ஆபரேஷனுக்குக் கொடுக்கப் பலர் முன்வருகிறீர்கள், நன்றி. காத்திருக்கும் நாட்களுக்கும் கொடுங்கள். உங்கள் சபையில் யாருக்காவது உணர்ச்சியற்ற தேமல் இருந்தால், விரல் மடங்குமுன் அன்போடு அழைத்து வாருங்கள். எங்கள் ஊழியத்துக்காக ஜெபியுங்கள்.

கர்த்தர் உங்கள் கைகளின் பிரயாசத்தை ஆசீர்வதிப்பாராக.