புத்தகத்தோடு நேரத்தையும் கொடுங்கள்

(ஸ்ரீபெரும்புதூரில் நடைபெற்ற ஆதரவாளர் கூட்டத்தில் நமது மருத்துவமனையின் நர்சிங் ஆசிரியை ஆற்றிய உரை)



உங்களில் ஒரு அம்மா எங்களிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தார்கள். "நர்சுகளுக்குப் பரீட்சைப் புத்தகம் வாங்க உதவி கேட்கிறீர்களே, அவர்கள் ஏற்கெனவே படித்துப் பாஸானவர்கள்தானே?" என்று. நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

இந்தப் பகுதி எப்படி மாறியது என்பதை நீங்கள் கண்ணால் கண்டவர்கள். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கிய பிறகு, ஒரகடம், வல்லம் வடகால், சுங்குவார்சத்திரம் வரைக்கும் தொழிற்சாலைகள் வந்துவிட்டன. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் திறக்கப்பட்ட ஒரே விடுதி வளாகத்தில் மட்டும் 18,720 பெண்கள் தங்க இடம் உண்டு. ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில் கம்பெனி பஸ், கன்டெய்னர் லாரி, பைக் எல்லாம் ஒரே சாலையில் நெருக்கிக்கொண்டு போவதைத் தினமும் பார்க்கிறீர்கள்.

விபத்து நடந்தால் கொண்டு வர 2008 முதல் 108 ஆம்புலன்ஸ் இருக்கிறது. முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு, ஒரு வரம்புக்குட்பட்டு, அரசே பணம் கொடுக்கும் திட்டம் 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்டது. வண்டியும் வந்தது, பணத்துக்கும் ஓரளவு வழி பிறந்தது. ஆனால் இரவு இரண்டு மணிக்கு வென்டிலேட்டரில் இருக்கும் இருபத்திரண்டு வயதுப் பையன் அருகில் நிற்பது யார்? டாக்டர் வந்து பார்த்துவிட்டு அடுத்த படுக்கைக்குப் போவார். நர்சுதான் விடியும் வரை அங்கேயே நிற்பவர்.

அப்படி நிற்கும்போது வென்டிலேட்டரில் அலாரம் அடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சி இல்லாதவர் முதலில் இயந்திரத்தைப் பார்ப்பார். பயிற்சி பெற்றவர் முதலில் நோயாளியைப் பார்ப்பார். நான்கு கேள்விகள் அவர் மனதில் வரிசையாக ஓடும். குழாய் இடம் மாறிவிட்டதா? சளியால் அடைத்துக்கொண்டதா? நெஞ்சுக்குள் காற்று கசிந்து நுரையீரலை அமுக்குகிறதா? அல்லது இயந்திரமே பழுதா? நோயாளி நீலம் பூத்தால், இயந்திரத்தைக் கழற்றி, கையால் அமுக்கும் பையினால் மூச்சு கொடுத்துக்கொண்டே டாக்டரைக் கூப்பிடுவார். இதையெல்லாம் புத்தகம் புரட்டித் தேட அப்போது நேரம் இராது. முன்பே படித்து, கையால் செய்து பழகியிருக்க வேண்டும்.

இதற்காகத்தான் தேர்வுகள் இருக்கின்றன. பொது நர்சிங் படிப்பில் தீவிர சிகிச்சை ஒரு பகுதி மட்டுமே. அதற்கு மேல், பதிவு பெற்ற நர்சுகளுக்காக இந்திய நர்சிங் கவுன்சில் ஓராண்டுத் தீவிர சிகிச்சை டிப்ளமோ வைத்திருக்கிறது. பட்டம் பெற்றவர்களுக்கு இரண்டாண்டு முதுநிலைப் பயிற்சியும் இருக்கிறது. அமெரிக்காவில் அந்நாட்டுப் பதிவு பெற்ற நர்சுகள் எழுதும் சி.சி.ஆர்.என். என்ற தேர்வும் உண்டு. மூன்று மணி நேரத்தில் 150 கேள்விகள். படித்தவர் எல்லோரும் அதை எழுதிவிட முடியாது. ஆபத்தான நிலையில் உள்ள நோயாளிகளோடு இரண்டு ஆண்டுகளில் 1,750 மணி நேரமாவது, அல்லது ஐந்து ஆண்டுகளில் 2,000 மணி நேரமாவது வேலை செய்திருக்க வேண்டும். படுக்கையருகே நின்ற நேரத்தையும் படிப்பாகவே அவர்கள் கணக்கிடுகிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

இந்தத் தேர்வுகளுக்குப் படிக்க எங்கள் நர்சுகளுக்கு மூன்று காரியங்கள் தேவை.

முதலாவது, சரியான புத்தகம். இங்கே ஒரு வார்த்தையை அன்போடு சொல்ல வேண்டும். வீட்டில் இருக்கும் பழைய நர்சிங் புத்தகங்களைச் சிலர் அனுப்பி வைக்கிறீர்கள். உங்கள் மனதுக்கு நன்றி. ஆனால் மருத்துவப் புத்தகம் குடும்ப வேதாகமத்தைப் போலத் தலைமுறை தலைமுறையாக வைத்துக்கொள்ளக் கூடியதல்ல. ஓர் உதாரணம். நின்ற இதயத்தை இயக்கும் முதலுதவியில், முன்பு மூச்சுப்பாதையை முதலில் சரிசெய்யச் சொன்னார்கள். 2010-ல் வெளிவந்த வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு முதலில் நெஞ்சை அழுத்தச் சொல்லி வரிசையை மாற்றியது. அதற்கு முந்தைய பதிப்பைப் படித்தவர் தேர்வில் ஒரு மதிப்பெண் இழப்பார். வார்டிலோ அதைவிடப் பெரிய நஷ்டம் நேரலாம். ஆகவே ஒரே ஒரு புத்தகம் வாங்கினாலும் புதிய பதிப்பாக வாங்குவோம்.

இரண்டாவது, தமிழில் விளக்கிச் சொல்ல ஒரு ஆள். எங்கள் பிள்ளைகளில் பலர் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்தவர்கள். பாடம் தெரியும், வேலையும் தெரியும். நாலு வரி ஆங்கிலக் கேள்வியில் தடுமாறிப் போகிறார்கள். அதனால் படுக்கையருகில் இருக்கும் சார்ட்டிலிருந்தே கற்றுக்கொடுக்கிறோம். இரத்த அழுத்தம் 84/48 என்று இருக்கிறது. கீழ் எண்ணை இரண்டால் பெருக்கு, 96. மேல் எண்ணைக் கூட்டு, 180. மூன்றால் வகு, 60. இதுதான் சராசரி அழுத்தம். கிருமி இரத்தத்தில் பரவி அழுத்தம் விழுந்தவருக்கு இது 65-க்காவது வர வேண்டும். அப்படியானால் டாக்டரை இப்போதே எழுப்ப வேண்டும். தமிழில் ஒருமுறை புரிந்துவிட்டால், ஆங்கிலக் கேள்விக்கு அந்தப் பிள்ளை தானே விடை எழுதும். இப்படிச் சொல்லிக்கொடுப்பதை நோட்டில் எழுதி, அடுத்து வருபவர்களுக்கு வைத்துவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறோம்.

இது மிஷன் மருத்துவமனைகளுக்குப் புதிதல்ல. 1847-ல் யாழ்ப்பாணம் வந்த டாக்டர் சாமுவேல் கிரீன், மானிப்பாயில் முதலில் ஆங்கிலத்தில் மருத்துவம் கற்பித்தார். பிறகு தமிழுக்கு மாறினார். தம் மாணவர்களோடு உழைத்து மருத்துவ நூல்களைத் தமிழில் கொண்டு வந்தார். வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் 1909-லேயே நர்சுகளுக்குப் பயிற்சி தொடங்கினார். 1946-ல் அங்கே பட்டப்படிப்பும் வந்தது. நம் தேசத்தில் அதுவே முதன்முதலில் தொடங்கிய பட்டப்படிப்புகளில் ஒன்று.

மூன்றாவது, நேரம். இதுதான் எல்லாவற்றிலும் அரிது. நைட் டியூட்டி முடித்து விடுதிக்குப் போகும் பெண்ணிடம் எவ்வளவு நல்ல புத்தகத்தைக் கொடுத்தாலும், இரண்டாம் பக்கத்தில் கண் மூடிவிடும். திருமணமானவர்களுக்கோ வீட்டில் சமையல் காத்திருக்கும், பிள்ளைகள் காத்திருப்பார்கள். ஆகவே டியூட்டி நேரத்துக்குள்ளேயே வாரம் இரண்டு நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் படிக்க விட வேண்டும் என்பது எங்கள் விருப்பம். ஆனால் வென்டிலேட்டரில் இருப்பவரை ஒரு நிமிடமும் தனியே விட முடியாது. அவரைப் பார்த்துக்கொள்ள மாற்று நர்சு ஒருவர் வேண்டும். அவருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். அலமாரி நிறையப் புத்தகம் வாங்கிவிட்டு இதைச் செய்யாவிட்டால், அலமாரிதான் நிறையும்.

கடைசியாக ஒன்று. "படிக்க வைத்தால் வெளிநாடு போய்விடுவார்களே?" என்று சிலர் கவலைப்படுகிறீர்கள். சிலர் போகத்தான் செய்வார்கள். தம்பி படிப்புக்கும் வீட்டுக் கடனுக்கும் அந்தச் சம்பளம் தேவைப்படுகிறது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. டாக்டர் கிரீனுக்கும் இதே கவலை இருந்தது. ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசாங்க வேலைக்குப் போய்விட்டார்கள் என்பதும் அவர் தமிழுக்கு மாறிய காரணங்களில் ஒன்று. போகிறவர் போகும்வரை செய்யும் டியூட்டி ஒவ்வொன்றும் இங்குள்ள நோயாளிக்கே. அவர் எழுதி வைத்த தமிழ் நோட்டும், அவர் பழக்கிவிட்ட இளைய நர்சும் இங்கேயே இருப்பார்கள்.

ஆகவே இந்த ஆண்டு உங்களிடம் நாங்கள் கேட்பது இவ்வளவே. தனித்தனியே புத்தகம் வாங்கி அனுப்புவதற்குப் பதிலாக, உங்கள் சபை சேர்ந்து ஒரு மாற்று நர்சின் சம்பளத்தில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளுங்கள். புத்தகத்தை நாங்கள் பார்த்து வாங்கிக்கொள்கிறோம். உங்களால் கிடைக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் அவள் படிப்பது, நம் சாலையில் அடிபட்டு வரும் ஒரு பிள்ளைக்குப் பயன்படும்.