"சரியாயிடும்" என்று சொன்னால் போதுமா?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரை)



சேமிப்பு, கடன், வட்டி எல்லாம் பேசி முடிச்சாச்சு. இப்போது, கூட்டத்தில் நாம் வாய் திறக்காத ஒரு விஷயத்தைப் பேசப் போகிறோம். யாரும் வெட்கப்பட வேண்டாம்.

நம்ம குழு ஒன்றில் ஒரு தங்கச்சி. பெயர் வேண்டாம். தலைப்பிரசவம் ஆகி ஐந்து மாதமாகியும் கூட்டத்துக்கு வரவில்லை. பதிவேட்டில் 'வரவில்லை' என்று எழுதி, அபராதமும் போட்டோம். குழுவிலிருந்து நீக்கிவிடலாமா என்றுகூடப் பேசினோம். ஏன் வரவில்லை என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. களப்பணியாளர்களான நாங்களும் கேட்கவில்லை.

கடைசியில் வீட்டுக்குப் போனபோதுதான் அழுதுகொண்டே சொன்னாள்: "அக்கா, வெளிக்கு வர்றதே எனக்குத் தெரியலை. நாலு பேரு பக்கத்துல எப்படி வந்து உக்கார்றது?"

பிரசவம் பார்த்த மருத்துவமனையில் இரண்டு தடவை சொல்லியிருக்கிறாள். "பிள்ளை பெத்தா இப்படித்தான் இருக்கும், சரியாயிடும்" என்று அனுப்பிவிட்டார்கள். ஒருவரும் படுக்க வைத்துப் பார்க்கவில்லை.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். பிள்ளை பிறக்கும்போது, ஆசனவாயை இறுக்கிப் பிடிக்கிற தசைவரை கிழிந்திருக்கிறது. அதைக் கவனிக்காமல் மேலே மட்டும் தையல் போட்டிருக்கிறார்கள்.

சகோதரிகளே, எவ்வளவு நல்லாப் பிரசவம் பார்த்தாலும் சிலருக்குக் கிழியும். கிழிந்தது யார் குற்றமும் இல்லாமல் இருக்கலாம். கிழிந்ததைப் பார்க்காமல் விட்டதுதான் தவறு. பிள்ளை பிறந்ததும் நல்ல வெளிச்சத்தில் பார்க்கணும். ஆசனவாயிலும் விரல் விட்டுச் சோதிக்கணும். அப்போதே கண்டுபிடித்து முறையாகத் தைத்தால் பெரும்பாலானவர்களுக்குக் குணமாகிவிடும்.

இன்னொன்று, மூத்திரம் ஒழுகுவது. பிள்ளை வெளியே வராமல் வலி நீண்டுகொண்டே போனால், தலை மூத்திரப்பையை அழுத்தும். அந்த இடத்தில் ரத்த ஓட்டம் நின்று, சதை அழுகி, சில நாளில் ஓட்டை விழும். அப்புறம் ராத்திரி பகல் ஒழுகும். சீக்கிரம் கண்டுபிடித்தால், சின்ன ஓட்டை சில வாரம் குழாய் வைத்தாலே மூடிக்கொள்ள வாய்ப்பு உண்டு. இல்லையென்றால் அறுவை சிகிச்சை செய்யலாம்.

நாம் என்ன செய்யணும்?

* தையல் போட்டார்கள் என்றால், "எதுவரைக்கும் கிழிஞ்சிருக்கு?" என்று கேளுங்கள்.
* மலம், காற்று, மூத்திரம் அடக்க முடியவில்லை என்றால் கூசாமல் சொல்லுங்கள். "பார்த்துட்டுச் சொல்லுங்க டாக்டர்" என்று கேளுங்கள். பார்க்காவிட்டால் பெரிய மருத்துவமனைக்குப் போங்கள்.
* டிஸ்சார்ஜ் சீட்டு, ரசீது எதையும் தூக்கிப் போடாதீர்கள். சிகிச்சைப் பதிவேட்டின் நகலை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவர் தரவேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு விதி.
* காசு கொடுத்துப் பார்த்த சிகிச்சையில் அலட்சியம் நடந்தால் நுகர்வோர் சட்டப்படி வழக்குப் போடலாம். 1995-இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகணும்.
* இலவச சிகிச்சை என்றால், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கலாம்.
* வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று பயப்படாதீர்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்குச் சட்ட உதவி இலவசம். மாவட்ட நீதிமன்றத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள்.

அந்தத் தங்கச்சிக்கு அறுவை சிகிச்சைக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள். போக்குவரத்துச் செலவுக்குக் குழுவே உள்கடன் கொடுத்தது. அவளிடம் வாங்கிய அபராதத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டோம். உண்மையில் அபராதம் கட்டவேண்டியவர்கள் நாம்தானே?

அதனால் இன்றைக்கு ஒரு தீர்மானம் போடுவோம். பிரசவமான ஒவ்வொரு உறுப்பினர் வீட்டுக்கும் ஒரு மாதத்துக்குள் இரண்டு பேர் போகணும். பிள்ளை எப்படி இருக்கு என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாமல், "நீ எப்படி இருக்கே?" என்றும் கேட்கணும்.