சாயக்காரரின் பெயர்

  சிரம்பானில் இன்று பட்டம் வாங்கும் தம்பி தங்கைகளே, உங்கள் கல்லூரி முதல்வர் என்னைத் துணிச்சாய வேதியியலாளர் என்று அறிமுகம் செய்தார். அதற்கும் முன்னால் நான் ரந்தாவ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டிய ஒரு பெண்ணின் மகள். இந்த இரண்டையும் சேர்த்தே இன்று பேசப் போகிறேன்.

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் முதலில் காப்பி இருந்தது. காப்பி விலை விழுந்ததும் ரப்பர் வந்தது. ரப்பருக்குப் பிறகு செம்பனை வந்தது. இப்போது பல இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டங்கள் எழுந்துவிட்டன. உங்களில் பாதிப் பேர் பால்மரத்தைத் தொட்டே பார்த்திருக்க மாட்டீர்கள். அதனால் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன்.

விடியுமுன் பெரட்டு, அதாவது ஆள்கணக்கு எடுப்பது. பெயர் கொடுத்ததும் அவரவர் நிரைக்குப் போய்விட வேண்டும். இருட்டில் வெட்டுவதற்குக் காரணம் உண்டு. வெயில் ஏறுவதற்கு முன்புதான் பட்டைக்குள் நீரழுத்தம் மிகுந்திருக்கும். பால் நன்றாக ஓடும். உளி சுமார் 30 பாகைச் சாய்வில் இறங்க வேண்டும். பட்டையை மெல்லியதாகச் சீவ வேண்டும். உள்ளே மரத்தின் உயிர்த்திசு இருக்கிறது. அதன்மேல் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் பட்டையை விட்டுவைக்க வேண்டும். உளி அதையும் தாண்டிவிட்டால் மரம் காயப்படும், புதுப் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், பிறகு அந்த இடத்தில் வெட்டவே முடியாது. தலைவிளக்கின் வெளிச்சத்தில், நூற்றுக்கணக்கான மரங்களில், நாள் தவறாமல், அந்த ஒரு மில்லிமீட்டரை என் அம்மாவின் கை காப்பாற்றியது. தோட்டத்துப் பதிவேட்டிலோ அம்மா ‘பயிற்சியற்ற தொழிலாளி’.

அந்தச் சொல்லை நான் இன்றுவரை ஏற்கவில்லை. நாற்பது வயதுக்கு மேல்தான் எனக்கு ஒன்று புரிந்தது: என் ஆராய்ச்சி முழுவதுமே அந்தச் சொல்லோடு நடத்திய வழக்கு.

எங்கள் லயத்தில் சாயத் தொழில் கிடையாது. ஆனால் சாயம் இருந்தது. மாரியம்மன் திருவிழாவுக்கு முன் வெள்ளைத் துணியை மஞ்சள் நீரில் முக்கிக் கொடியில் போடுவார்கள். நாலு வெயில் பட்டதும் அது வெளுக்கத் தொடங்கிவிடும். அதே மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்தால் ஆரத்தித் தட்டு சிவக்கும். வாழைக்கறை பட்ட பாவாடையை எதைப் போட்டுத் துவைத்தாலும் கறை அப்படியே இருக்கும். மங்குஸ்தான் தோலும் அப்படித்தான்; விடுதிகள் மங்குஸ்தானை உள்ளே விடாததற்குக் காரணமே அந்தக் கறை. மஞ்சள் ஏன் போகிறது, வாழைக்கறை ஏன் போவதில்லை? பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டேன், பள்ளி ஆசிரியரிடம் கேட்டேன். அந்தக் கேள்வியோடுதான் சென்னைக்குப் படிக்கப் போனேன்.

விடை எளிமையானது. மஞ்சளின் நிறப்பொருளை ஒளி சிதைத்துவிடும். வாழைச் சாற்றின் துவர்ப்பு காற்றுப் பட்டுக் கறுத்து நூலோடு பிணைந்துவிடும். வகுப்பில் இதைத் தெரிந்துகொள்ள ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஆனால் அந்த நாட்களில் எனக்குக் கிடைத்த பெரிய பாடம் வகுப்புக்கு வெளியே கிடைத்தது. விடுதித் தோழிகள் என்னை ‘மலேசியா’ என்றே கூப்பிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் கடற்கரைக்குப் போவார்கள். நான் பேருந்து பிடித்துத் திண்டிவனம் பக்கம் போய்விடுவேன். அந்தப் பக்கத்துச் சிற்றூர்களில் அவுரி விளைகிறது. அறுத்த தழையைத் தொட்டி நீரில் ஊறப்போட்டு, அந்த நீரை அடுத்த தொட்டிக்கு வடித்து, ஆட்கள் வரிசையாக இறங்கிக் காலால் உதைத்து அலசுவார்கள். பசுமஞ்சளாக இருந்த நீர் காற்றுப் படப்பட நீலமாகும். அடியில் தங்கும் நீலச் சேற்றைக் காய்ச்சி வில்லையாக்குவார்கள். துணிக்குச் சாயமேற்றும் பானை வேறு. வில்லை தண்ணீரில் கரையாது. சுண்ணாம்பு நீரும் வேகவைத்த ஊசித்தகரை விதையும் சேர்ந்து புளித்தால்தான் கரையும்.

ஒரு பெரியவர் அந்தப் பானையில் விரலை நனைத்து நாக்கில் வைத்தார். “காரம் பத்தல, சுண்ணாம்பு போடணும்மா” என்றார். என் பையில் காரத்தாள் இருந்தது. நனைத்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரியாக இருந்தது. எத்தனை பிடி சுண்ணாம்பு, எத்தனை நாள் புளிப்பு, மழைக்காலத்தில் எவ்வளவு கூட்டுவது என்று கேட்டுக்கொண்டே போனேன். எல்லாவற்றுக்கும் அவரிடம் அளவு இருந்தது. தாளில் மட்டும் எதுவும் இல்லை.

இப்போது என் மனதை மிகவும் பிடித்துக்கொண்ட கதைக்கு வருகிறேன். என் மாணவர்கள் இதைப் பலமுறை கேட்டிருக்கிறார்கள். நீங்களும் கேட்க வேண்டும். 1734இல் பொலியூ என்ற பிரெஞ்சுக் கப்பற்படை அதிகாரி புதுச்சேரியில் இருந்தார். சோழமண்டலக் கரையின் சித்திரத் துணிமேல் அப்போது ஐரோப்பாவுக்குத் தீராத மோகம். துவைக்கத் துவைக்க நிறம் போகாத பருத்தித் துணியை அவர்கள் கண்டதில்லை. சொந்த நெசவாளர்களைக் காப்பாற்ற பிரான்ஸ் 1686இல் அதைத் தடை செய்தது. இங்கிலாந்து 1701இலும் 1721இலும் தடை செய்தது. ஆசை அடங்கவில்லை. அந்தத் தொழிலைத் தாங்களே கற்றுக்கொள்ளத் துடித்தார்கள். பொலியூ ஒரு சாயக்காரரின் அருகில் நின்று, ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் துணியில் ஒரு துண்டை வாங்கி, நடந்ததை எழுதிவைத்தார்.

அவர் கண்ட வேலையின் அழகைப் பாருங்கள். வெளுத்த துணியைக் கடுக்காய்ச் சாறும் எருமைப்பாலும் கலந்த நீரில் நனைத்துக் காயவைப்பார்கள். கடுக்காயின் துவர்ப்பு நிறத்தைப் பிடித்துக்கொள்ளும். பாலின் கொழுப்பு கோட்டைக் கசியவிடாது. கரித்தூளால் படத்தை இறக்குவார்கள். இரும்பு ஊறிய புளித்த நீரால் கோடிழுத்தால் கறுப்பு. சிவக்க வேண்டிய இடத்தில் படிகார நீர். பிறகு சாயவேர் போட்ட கொதிநீரில் துணி முழுவதையும் அமிழ்த்துவார்கள். படிகாரம் தொட்ட இடம் மட்டும் சிவப்பை விடாமல் பிடிக்கும்; மற்ற இடத்தில் ஏறியதைச் சாண நீரும் வெயிலும் எடுத்துவிடும். அடுத்து, நீலம் வேண்டாத இடமெல்லாம் மெழுகு பூசி, அவுரிப் பானையில் முக்கி, கொதிநீரில் மெழுகை எடுப்பார்கள். கடைசியில் மஞ்சள். நீலத்தின்மேல் மஞ்சள் பட்டால் இலை பச்சையாகும். அருங்காட்சியகங்களில் பழைய சித்திரத் துணியைப் பார்த்தால் இலைகள் நீலமாக இருக்கும். வரைந்தவர் பச்சையாகத்தான் வரைந்தார்; முந்நூறு ஆண்டில் மஞ்சள் போய்விட்டது. சிவப்பும் நீலமும் இருக்கின்றன.

பொலியூ சேர்த்த 11 துண்டுகளும் குறிப்பும் பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 1742இல் கேர்தூ என்ற சேசு சபைப் பாதிரியார், கிறித்துவம் தழுவிய சாயக்காரர்களிடம் கேட்டு இதே முறையை நீண்ட கடிதமாக ஊருக்கு எழுதினார். பொலியூவின் பெயர் தெரிகிறது, கேர்தூவின் பெயர் தெரிகிறது. படிகாரத்தின் அளவைச் சொன்னவர் யார்? எந்தப் பால் உதவும், எந்தத் தண்ணீரில் சிவப்பு தூக்கலாக வரும் என்று காட்டியவர் யார்? அவர் பெயரை நான் எந்த நூலிலும் பார்த்ததில்லை. கற்பித்தவர் கூலியாளாகவும் எழுதிக்கொண்டவர் அறிஞராகவும் ஆன வரலாறு இது. தோட்டத்துப் பதிவேடும் இதே வரலாற்றின் ஒரு பக்கம்தான்.

ஆனால் நம் மலாய்த் தீவுக்கூட்டத்தில் வேறு கணக்கும் இருந்தது. சரவாக்கின் இபான் பெண்கள் பூவா கும்பு என்ற துணியை நெய்வதற்கு முன், நூல் சாயம் பிடிப்பதற்காக ‘ஙார்’ என்ற சடங்கைச் செய்வார்கள். இஞ்சி, உப்பு, எண்ணெய் முதலியவற்றில் நூலை ஊறவைத்து, பனியிலும் வெயிலிலும் பல நாள் கிடத்தி, பிறகு மெங்குடு வேரில் சிவப்பேற்றுவார்கள். மெங்குடு நம் ஊர் நுணா வகைதான். கலவையின் அளவு அறிந்த பெண் அபூர்வம். அந்த வேலையைப் ‘பெண்களின் போர்’ என்றே அவர்கள் அழைத்தார்கள். ஆண் போரில் பெறும் மதிப்பை அவள் சாயத்தில் பெற்றாள். காட்டு நீளவீட்டில் இருந்த இந்த நியாயம் நம் அலுவலகப் பதிவேடுகளுக்கு வரவில்லை.

உங்களுக்கு இது தூரத்துக் கதையாகத் தோன்ற வேண்டாம். இங்கிருந்து காரில் ஒரு மணி நேரம் போனால் மலாக்கா. 1512 முதல் 1515 வரை எழுதிய போர்ச்சுகீசியரான தோமே பிரெஸ், சோழமண்டலத் துணி அங்கே வந்து இறங்கியதைப் பதிவு செய்திருக்கிறார். அந்தத் துணியைக் கொடுத்துத்தான் மசாலா வாங்கினார்கள். சுலாவெசியின் தோராஜா மக்கள் இந்தியத் துணிகளைக் குலச்சொத்தாக இன்றும் காத்துவருகிறார்கள். பழவேற்காட்டின் பெயர் தாங்கிய பெலிக்காட் கைலியைக் கம்பத்திலும் தோட்டத்திலும் இன்னும் கட்டுகிறோம்.

இதையெல்லாம் சொல்வதால் பழைய காலத்துக்குத் திரும்பச் சொல்கிறேன் என்று எண்ணிவிடாதீர்கள். 1897இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அந்த ஆண்டு செடியிலிருந்து வந்த நீலம் 19,000 டன். 1914இல் வெறும் 1,000 டன். இதைக் கேட்டு அவுரித் தோட்டங்களுக்காகக் கண்ணீர் விடுபவர்கள் உண்டு. நான் விடமாட்டேன். வங்காளத்து விவசாயிகள் 1859இல் கிளர்ந்தெழுந்ததும், சம்பாரணுக்கு 1917இல் காந்தியடிகள் போனதும் அந்த அவுரித் துரைமார்களின் கொடுமையால்தான். தோட்டத்தில் பிறந்தவள் நான். செடி இயற்கையானது என்பதற்காக அதைப் பயிரிட வைத்த முறை நல்லதாகிவிடாது.

செயற்கைச் சாயத்தின் கணக்கும் சுத்தமில்லை. திருப்பூரின் நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு ஓடிய அவலத்தால், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அதே சமயம், 2023இல் உலகம் உற்பத்தி செய்த நூலிழை 12 கோடி டன்னுக்கும் மேல். வேரில் ஏற்றும் சிவப்புக்குப் பல நேரம் துணியின் எடைக்குச் சமமாகவோ அதற்கு மேலோ வேர் வேண்டும். உலகம் முழுவதற்கும் செடிச்சாயம் உடுத்த நிலமும் போதாது, தண்ணீரும் போதாது. வடிவமைப்புப் படித்த பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்கிறேன்: ‘இயற்கை’ என்று சீட்டு ஒட்டிய துணியில் குரோமிய உப்பு போட்டிருக்கலாம். எதை வைத்து நிறத்தைப் பிடித்தீர்கள் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள், கேட்டுவிட்டு விற்றுக் கொடுங்கள்.

அப்படியானால் கைச்சாயம் எதற்கு? கொஞ்சமாக, நன்றாக, நல்ல விலைக்குச் செய்வதற்கு. குஜராத்தின் கட்ச் பகுதியில் 2001 நிலநடுக்கத்துக்குப் பிறகு அஜ்ரக் சாயக்காரர்கள் நல்ல தண்ணீர் தேடி அஜ்ரக்பூர் என்ற புது ஊரையே அமைத்தார்கள். ஜப்பானின் அமாமித் தீவில் இரும்புச் சேற்றில் பட்டு நூலைப் பிசைந்து கறுப்பேற்றுகிறார்கள். அந்தத் துணிக்கு அதற்கேற்ற விலை கிடைக்கிறது. நம் நாட்டின் சொங்கெட் நெசவை 2021இல் யுனெஸ்கோ மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது. அதே ஆண்டு தமிழ்நாட்டின் கருப்பூர் கலம்காரிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தஞ்சை மராத்திய அரண்மனைக்குக் கோடாலிக்கருப்பூர்ச் சேலை செய்த வட்டாரம் அது. அரண்மனை போனதும் சேலையும் போயிற்று. ஆதரித்த கை ஒன்றுதான் என்றால் அந்தக் கை விழும்போது தொழிலும் விழும். பட்டியலும் குறியீடும் மகிழ்ச்சி தருபவை. அடுப்பு எரிவது கூலியால்தான்.

கணக்கியல் படித்தவர்களே, நாளை ஒரு நிறுவனத்தின் சம்பளப் பட்டியல் உங்கள் கையில் வரும். ‘பயிற்சியற்ற’ என்ற தலைப்பின்கீழ் ஒரு பெயரை எழுதுமுன், அந்த ஆள் செய்வதைப் போய் அரை மணி நேரம் நின்று பாருங்கள். பொறியியல் படித்தவர்களே, உங்கள் இயந்திரத்துக்கு அளவு சொல்லிக் கொடுப்பது பெரும்பாலும் ஒரு பழைய கைதான். அதற்கு உரிய பங்கைக் கேட்டு வாங்கிக் கொடுங்கள். பாலர் பள்ளிக்கு ஆசிரியராகப் போகிறவர்களே, உங்கள் வகுப்பில் மஞ்சளும் சுண்ணாம்பும் ஒரு தட்டும் இருந்தால் வேதியியலின் முதல் பாடத்தைத் தொடங்கிவிடலாம்.

எல்லோரிடமும் ஒரு வேண்டுகோள். லாபுவிலோ லிங்கியிலோ பகாவிலோ கோலாப்பிலாவிலோ உங்கள் குடும்பத்தில், அண்டை வீட்டில், ஒரு கைவேலையை நன்றாக அறிந்த பெரியவர் ஒருவர் இருப்பார். பால்மரம் வெட்டியவர், கூடை பின்னியவர், சாமிக்கு மாலை கட்டுபவர், பாய் முடையும் மலாய்ப் பாட்டி, யாராக இருந்தாலும் சரி. போய் உட்கார்ந்து கேளுங்கள். ‘கொஞ்சம்’ என்று அவர் சொன்னால் தராசில் வைத்து நிறுத்துக்கொள்ளுங்கள். ‘கொஞ்ச நேரம்’ என்றால் கடிகாரத்தைப் பாருங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு மாதிரித் துண்டை ஒட்டுங்கள். முதல் பக்கத்தில், உங்கள் பெயருக்கு மேலே, அவருடைய முழுப் பெயரையும் அவர் வேலை செய்த தோட்டத்தின் பெயரையும் அவர் சம்மதத்தோடு எழுதுங்கள். இந்த நோட்டுகளுக்காகக் கல்லூரி நூலகத்தில் ஓர் அலமாரி ஒதுக்க முதல்வர் இசைந்திருக்கிறார். அடுத்த சித்திரைக்குள் உங்கள் நோட்டை அங்கே கொண்டுவந்து சேர்த்துவிடுங்கள்.