கொதிக்கும் இஞ்சினும் சுழலாத விசிறியும்

கோடை விடுமுறை வந்துவிட்டால் மும்பையில் வாழும் நம்மவர் பலர் சொந்தக் காரிலேயே ஊருக்குப் புறப்பட்டுவிடுகின்றனர். புறப்பட்ட சில மணி நேரத்திற்குள் கண்டாலா மலைப்பாதை எதிர்ப்படுகிறது. மே மாத வெயிலில், லாரிகளின் பின்னே ஊர்ந்து ஏறும்போதுதான் வெப்பம் காட்டும் முள் மேலே செல்லத் தொடங்கும். அவ்வேளையில் வண்டியைக் காப்பது ரேடியேட்டர் விசிறி. அதனைப்பற்றிச் சிறிது கூற விரும்புகிறோம்.

பழைய அம்பாஸிடரில் விசிறி இஞ்சினோடு பெல்ட்டினால் பிணைக்கப்பட்டிருந்தது. இஞ்சின் ஓடும்வரை விசிறியும் ஓடும். 1983-ஆம் ஆண்டின் இறுதியில் மாருதி 800 வெளிவந்த பின்னர், மின்சார விசிறி பூண்ட சிறு வண்டிகள் நாட்டில் பெருகின. இவற்றில் தண்ணீரின் வெப்பம் ஏறத்தாழ 95 டிகிரியை எட்டியதும் தெர்மோ ஸ்விட்ச் விசிறியை முடுக்கிவிடும். வேகமாகச் செல்லும்போது எதிர்க்காற்றே போதுமாதலால் விசிறிக்கு வேலை குறைவு. நெரிசலிலும் ஏற்றத்திலுமே அது இன்றியமையாதது.

விசிறி நின்றுபோனால் வழியோரத்து மெக்கானிக் என்ன செய்கிறார்? பாட்டரியிலிருந்து ஒரு கம்பியை நேரே விசிறிக்கு இழுத்து, ‘டைரக்ட்’ செய்துவிட்டதாகச் சொல்கிறார். ஆபத்துக்கு இது உதவும், மறுக்கவில்லை. ஆனால் அதையே ஆண்டுக்கணக்கில் விட்டுவைப்போரையும் காண்கிறோம். பியூஸ் இல்லாத மெல்லிய கம்பி எங்கேனும் உராய்ந்து இரும்பில் பட்டால் தீப்பற்றும். வண்டியை நிறுத்தியபின் கம்பியைக் கழற்ற மறந்தால், காலையில் பாட்டரி வெறுமையாகிவிடும்.

முறையான வழி ரிலே வைப்பதே. 120 வாட் விசிறி 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் இழுக்கிறது. தொடங்கும் கணத்தில் பன்மடங்கு இழுக்கும். களிம்பேறிய ஓர் இணைப்பில் ஓம் ஒன்றில் ஐந்தில் ஒரு பங்கு தடை இருந்தாலும், ஏறத்தாழ 2 வோல்ட் அங்கேயே வீணாகி, விசிறி சோம்பிச் சுழலும். ரிலேயின் அடியில் 30, 87, 85, 86 என்ற எண்களுள்ள முனைகள் காணப்படும். பாட்டரியிலிருந்து பியூஸ் வழியாக வரும் தடித்த கம்பி 30-இல் சேரவேண்டும். 87-லிருந்து விசிறிக்குச் செல்லவேண்டும். பியூஸ் பாட்டரிக்கு ஒரு சாண் தொலைவுக்குள் இருத்தல் நலம். 85, 86 இரண்டும் உள்ளிருக்கும் காயிலுக்குரியவை. ஒன்றில் இஞ்சின் சாவி வழி வரும் மின்சாரமும், மற்றொன்றில் தெர்மோ ஸ்விட்சும் சேரும். காயில் இழுப்பது மிகச் சிறிதாகையால் தெர்மோ ஸ்விட்ச் கருகாமல் நெடுநாள் உழைக்கும். கைக்கெட்டும் இடத்தில் தனி ஸ்விட்ச் வேண்டுவோர் அதனைத் தெர்மோ ஸ்விட்சுக்குப் பக்கவழியாக வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பதிலாக வைத்தல் தகாது.

கம்பி மாற்றியபின் விசிறி எத்திசையில் காற்றைச் செலுத்துகிறது என்று பார்ப்பார் அரியர். இரு கம்பிகளும் இடம் மாறினால் அது தலைகீழாகச் சுழலும். சத்தம் கேட்கும், பயன் விளையாது. விசிறி ரேடியேட்டருக்குப் பின்னே இருக்கும் வண்டியில், ரேடியேட்டரின் முன்னே ஒரு காகிதத் துண்டைப் பிடித்தால் அது ஒட்டிக்கொள்ளவேண்டும்.

புதிய வண்டிகளில் விசிறியை இயக்குவது கணினி. அங்கே கம்பிகளை வெட்டி ஒட்டுவது நல்லதன்று. விசிறி ஓடியும் வெப்பம் தணியாவிடில், தண்ணீர்க் குறைவு, அடைபட்ட ரேடியேட்டர், திறவாத தெர்மோஸ்டாட் ஆகியவற்றை ஆராயவேண்டும். சூடு ஆறுமுன் ரேடியேட்டர் மூடியைத் திறப்பவர் முகத்தில் கொதிநீர் பீறிட்டடிக்கும்.

ஊருக்குப் புறப்படுமுன் வீட்டு வாசலிலேயே, ஏ.சி.யை அணைத்து, இஞ்சினை ஓடவிட்டுக் காத்திருங்கள். விசிறி தானே சுழன்று தானே நிற்கவேண்டும். சுழலாவிட்டால் ஏ.சி.யைப் போட்டுப் பாருங்கள். அப்போது சுழன்றால் விசிறி பழுதன்று, தெர்மோ ஸ்விட்சையோ அதன் கம்பியையோ ஐயுறலாம். ஒரு வாரம் முன்னதாகச் செய்துகொண்டால், பழகிய மெக்கானிக்கிடமே வேலையை ஒப்படைக்க நேரமிருக்கும்.