நம் பாடும் ஆண்டவரின் பாடுகளும்

(வானொலி மறையுரை. வாசகங்கள்: 2 கொரிந்தியர் 12:7-10, மாற்கு 2:1-12)



பழவேற்காடு ஏரிக்கரையில் வாழும் நமக்குப் ‘பாடு’ என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் என முறை வைத்து, இறால் பிடிக்கும் இடத்தைப் பங்கிட்டுக்கொள்கிறோம். நல்ல பாடு இன்று ஒருவருக்கு, நாளை இன்னொருவருக்கு. கோவிலுக்குள் வந்தால் அதே சொல்லுக்குப் பொருள் வேறு. அங்கே ஆண்டவரின் பாடுகளைத் தியானிக்கிறோம். இந்த இரண்டையும் ஒன்றாக நினைக்கவைக்கும் ஒரு வேதனை நம் குப்பங்களில் இருக்கிறது: முதுகில் அறுவை சிகிச்சை முடிந்த பிறகும் போகாத நரம்பு வலி.

வலை இழுத்தும் படகு தள்ளியும் ஐஸ் பெட்டி தூக்கியும் தேய்ந்த முதுகு நம்முடையது. முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது. கடன் வாங்கி, சென்னைக்குப் போய், ஆபரேஷன் முடித்துத் திரும்புகிறோம். தையல் பிரித்தாயிற்று, காயமும் ஆறிவிட்டது. ஆனால் இடுப்பிலிருந்து பாதம்வரை மின்சாரம் பாய்ந்ததுபோல் ஒரு சுரீர், மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரிச்சல், பாதத்தில் மதமதப்பு. இரவெல்லாம் தூக்கமில்லை.

“ஆபரேஷன் முடிஞ்சி ஆறு மாசமாச்சே, இன்னும் என்னா வலி?” என்கிறது ஊர். “என் விசுவாசம் குறைவோ, என் பாவத்துக்குத் தண்டனையோ?” என்கிறது உள்மனம். பிறவியிலேயே பார்வையற்றவரைக் குறித்துச் சீடர்கள் இப்படிக் கேட்டபோது, அது யார் பாவமும் அல்ல என்று ஆண்டவர் மறுத்துவிட்டார்.

உண்மை என்ன? அறுவை சிகிச்சை, நரம்பின் மேலிருந்த அழுத்தத்தை எடுக்கிறது. நெடுநாள் நசுங்கிய நரம்பை அன்றைக்கே புதிதாக்குவதில்லை. உரசி நைந்த கயிற்றிலிருந்து பாரத்தை இறக்கிவிட்டாலும், இழை உடனே சேர்ந்துவிடுமா? அறுந்த நரம்பிழை மீண்டும் வளர்வதே நாளுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான். சிலருக்குக் குணமாக மாதங்கள் ஆகும். சிலருக்கு வலியில் ஒரு பங்கு தங்கியே விடும். அது நடிப்பும் அல்ல, சோம்பலும் அல்ல.

திருத்தூதர் பவுலுக்கும் உடலில் ஒரு முள் தைத்திருந்தது. அதை எடுத்துவிடும்படி அவர் மூன்று முறை மன்றாடினார். முள் எடுபடவில்லை; அதைத் தாங்கும் அருள் கிடைத்தது. வலி நீங்கவில்லை என்பதால் கடவுள் நீங்கிவிட்டார் என்று பொருளில்லை. பவுல் தம் வலியை மறைக்கவுமில்லை. தம் சபைக்கே எழுதிச் சொன்னார்.

அருள் போதும் என்பதற்கு மருந்து வேண்டாம் என்று பொருளல்ல. மருத்துவரையும் ஆண்டவரே படைத்தார் என்று சீராக் நூல் சொல்கிறது. நரம்பு வலிக்கு மருத்துவர் தரும் மாத்திரை பலன் தரச் சில வாரங்கள் ஆகலாம். அதை நாமாக நிறுத்தவும் கூடாது, கூட்டவும் கூடாது. கடையில் வாங்கும் வலி மாத்திரையை நாள்தோறும் விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் கெடும். வலியை மறக்கக் குடித்தால், அந்தக் குடி மருந்தோடு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். படுத்தே கிடக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக நடப்போம். வலி குறைந்த நாளில் எல்லா வேலையையும் இழுத்துப்போட்டுக்கொண்டு மறுநாள் முடங்க வேண்டாம். பாதம் மரத்தவர்கள் கிளிஞ்சல் கிடக்கும் கரையில் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். சிறுநீரோ மலமோ கட்டுப்பாடு இழந்தால், தொடைகளுக்கு நடுவே மரத்துப்போனால், கால் வலுவிழந்தால், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரும் இயன்முறை சிகிச்சையும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்போம்.

இனி நற்செய்திக்கு வருவோம். கப்பர்நாகூமில் அந்த முடக்குவாதக்காரர் தாமாக நடந்து வரவில்லை. நால்வர் தூக்கி வந்தார்கள், கூரையைப் பிரித்தார்கள். ஆண்டவர் அவர்களுடைய விசுவாசத்தைக் கண்டார் என்கிறார் மாற்கு. நம் குப்பத்தில் அந்த நால்வர் யார்? பொன்னேரிக்குப் பஸ்ஸில் துணைக்குப் போகிறவர் ஒருவர். பாரமான வலையைத் தாம் இழுத்து, அவருக்கு இலேசான வேலையை விட்டுக்கொடுப்பவர் ஒருவர். “இன்னும் வலிக்குதா?” என்று சந்தேகமாய்க் கேட்காமல், பக்கத்தில் உட்கார்ந்து காதுகொடுப்பவர் ஒருவர். நான்காமவர், கூடை சுமந்து மீன் விற்று வந்து இரவில் கணவரின் காலையும் பிடித்துவிடும் அந்தச் சகோதரிக்குக் கைகொடுப்பவர். அவருடைய முதுகும் தேய்கிறது.

மண்டியிட முடியவில்லை என்று வெட்கப்பட்டுச் சிலர் திருப்பலிக்கு வருவதையே நிறுத்திவிட்டார்கள். சகோதரரே, நின்றுகொண்டு வாருங்கள், சாய்ந்துகொண்டு வாருங்கள். வரவே முடியாவிட்டால் சொல்லியனுப்புங்கள், நற்கருணை உங்கள் வீட்டுக்கு வரும்.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், குண்டடிபட்டு மூன்றாண்டுகள் ஆகுமுன், 1984 பிப்ரவரி 11 அன்று துன்பத்தைப் பற்றி ஒரு மடல் எழுதினார். நம் துன்பத்தால் பிறருக்கு நன்மை செய்யவும், துன்புறுவோருக்கு நன்மை செய்யவும் கிறிஸ்து கற்றுத்தருகிறார் என்பது அதன் சாரம். ஏரியில் பாடு முறை மாறி வருகிறது. வேதனையும் அப்படியே வீடு மாறி வரும். இன்று அவர் முறை என்றால், தோள் கொடுப்பது நம் முறை.

செபிப்போம்: பாடுபட்ட ஆண்டவரே, உயிர்த்த பின்னும் உம் உடலில் காயத் தழும்புகளைத் தாங்கி வந்தீர். தீராத வலியோடு இன்றிரவு விழித்திருப்போரின் அருகில் இரும். மகிமை மாதாவின் பரிந்துரையால், அவர்களைத் தூக்கும் நால்வரில் ஒருவராக எங்களை ஆக்கியருளும். ஆமென்.