முப்பது சதவீதக் கட்டைவிரல்

(பாளையங்கோட்டையில் மாணவர்களும் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே,

கவிதை வாசிக்கத்தான் என்னைக் கூப்பிட்டாங்க. கவிதை கெடக்கட்டும். இன்னைக்கு ஒரு கட்டைவிரலைப் பத்திப் பேசிட்டுப் போறேன்.

பகலில் நான் வங்கிக் குமாஸ்தா. கையெழுத்துத் தெரியாதவர் வந்தால் மைப்பெட்டியை நகர்த்தி வைப்பது என் வேலை. ஆண் என்றால் இடது கட்டைவிரல், பெண் என்றால் வலது. போன வருஷம் ஸ்ரீவைகுண்டம் பக்கத்திலிருந்து ஒருத்தர் வந்தார். நம்ம சேரி ஆளு. இடது கையைத் துண்டுக்குள்ளேயே வச்சிருந்தார். மைப்பெட்டியை நகர்த்தினேன். "சார், பக்கத்து வெரலை வைக்கட்டா?"ன்னு கேட்டார். துண்டை விலக்கினார். கட்டைவிரல் இல்ல.

தூத்துக்குடி ஹார்பரில் சரக்கைக் கட்டித் தூக்கும்போது இரும்புக்கயிற்றில் மாட்டிப் போன விரல். ஆளைக் கூட்டிப்போன மேஸ்திரி ஆஸ்பத்திரிச் செலவும் கையில் பத்தாயிரமும் கொடுத்து, வெள்ளைத்தாளில் ரேகை வாங்கிக்கிட்டார். இடதுதான் போயிட்டே, வலது கை ரேகை. ஒரு சங்கத்துக்குப் போய் நின்னிருக்கார். "கார்டு இருக்கா? சந்தா கட்டியிருக்கியா?" இல்லை. அத்தோடு முடிஞ்சுது. மூணு வருஷம் கழிச்சு என் முன்னால நிக்கார். நான் என்ன செஞ்சேன்? பாரத்தில் 'வலது' என்று திருத்தி, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டு அனுப்பி வச்சேன். பட்டதாரி, கவிஞன், இயக்கக்காரன். எனக்குச் சட்டம் தெரியல.

பிறகுதான் படிச்சேன். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம். அதன் பின்னால் ஒரு அட்டவணை. கட்டைவிரல் போனால் 30 சதவீதம். ஆட்காட்டி விரல் முழுசாப் போனால் 14. இரண்டு கையும் போனால் 100. மனுஷ உடம்பைத் துண்டுதுண்டாக விலைபோடும் முதலாளித்துவக் கணக்குதான், சந்தேகமில்லை. ஆனால் துரோணன் ஏகலைவனுக்கு ஒரு சதவீதம்கூடக் கொடுக்கலியே! விரலையும் வாங்கிக்கிட்டு அதுக்குக் குருதட்சிணைன்னு பேரும் வச்சான். விரல் போக வேலை வாங்கியவன் பதில் சொல்லியாகணும் என்பது சாதி தர்மத்தில் இல்லாத சொல்.

அந்தச் சட்டம் சங்கக் கார்டு கேட்கவில்லை. வேலையின் காரணமாக, வேலையின்போது காயம்பட்டானா என்று மட்டுமே கேட்டது. ஆளைப் பிடிச்சது காண்ட்ராக்டர் என்றாலும், தன் தொழிலுக்காக அந்த வேலையைக் கொடுத்த மூல முதலாளியிடமே நஷ்டஈடு கேட்கலாம். உரிமையை விட்டுக்கொடுத்ததாக வெள்ளைத்தாளில் வாங்கிய ரேகை செல்லாது. இரண்டு வருஷத்துக்குள் மனுப் போடணும். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் பிறகும் ஏற்கலாம். குடியிருக்கும் ஊருக்குரிய அதிகாரியிடமே போடலாம். ஈ.எஸ்.ஐ.யில் பதிவான தொழிலாளிக்கு வழி வேறு. 2025 நவம்பர் 21 முதல் இந்தப் பழைய சட்டத்தின் இடத்தில் 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் வந்திருக்கிறது. இந்த அடிப்படைகள் அதிலும் உண்டு.

அப்படியானால் நம்ம ஆளுக்கு ஏன் கிடைக்கல? அவர் பேர் எந்தத் தாளிலும் இல்லை. நிரந்தர வேலை, பதிவேடு, சங்கம் என்று தாள் உள்ள இடங்களுக்கு வெளியேதான் சாதி நம்மை நிறுத்தி வச்சிருக்கு. 1938 பிப்ரவரியில் மன்மாடில் ரயில்வே தலித் தொழிலாளர்களிடம் பேசிய அம்பேத்கர், பார்ப்பனியமும் முதலாளித்துவமும் தொழிலாளியின் இரண்டு எதிரிகள் என்றார். ஆலையின் நெசவுப் பிரிவு தீண்டப்படாதவர்களுக்குச் சாத்தப்பட்டிருந்ததையும், ரயில்வேயில் காங்மேனாகவே அவர்கள் காலம் கழிந்ததையும் எடுத்துக்காட்டினார். இன்றைய காங்மேன் விடியக்காலம் வேனில் அள்ளிப்போடப்பட்டு ஹார்பருக்குப் போகிறான்.

அந்த வேன் கவிழ்ந்தால்? சௌராஷ்டிராவில் உப்பளத் தொழிலாளிகள் சிலர் 1952இல் கழியைக் கடக்கையில் படகு கவிழ்ந்து செத்தார்கள். அது எல்லாரும் போகும் பொதுப்படகு, வேலையிடம் அல்ல என்று 1958இல் உச்ச நீதிமன்றம் நஷ்டஈட்டை மறுத்தது. வேலைக்குப் போகும் வழியில் 2003இல் இறந்த சர்க்கரை ஆலைக் காவலாளி ஒருவரின் வழக்கில், பயணத்துக்கும் வேலைக்கும் தொடர்பு நிறுவப்பட்டால் அதுவும் வேலை விபத்தே என்று 2025 ஜூலையில் அதே நீதிமன்றம் சொல்லிற்று. ஆனால் தொடர்பை நிறுவ ஒரு தாள் வேணுமே.

இந்த ஆற்றங்கரையில் 1999 ஜூலை 23 அன்று, மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக நடந்த ஊர்வலத்தில் போலீஸ் தடியடி நடத்தி ஆற்றுக்குள் விரட்டியதில் 17 பேர் இறந்தார்கள். வருஷந்தோறும் தாமிரபரணியில் பூ போடுகிறோம். போடணும். ஆனால் ஒவ்வொரு விரலாய் இழக்கிறவர்களுக்கு நினைவுநாள் கிடையாது. அவர்களை யார் எண்ணுவது?

மாணவத் தோழர்களே, தெருவுக்கு ஒரு நோட்டுப் போடுங்க. யார் எந்தத் தேதியில், எந்த மேஸ்திரியோட, எந்தக் கப்பலுக்கு வேலைக்குப் போனார், கூட யார் போனார் என்று எழுதுங்க. அடிபட்டால் ஆஸ்பத்திரிச் சீட்டில் 'ஹார்பரில் வேலை செய்யும்போது' என்று எழுத வையுங்க. சங்கத் தோழர்களே, கார்டைக் கேட்பதற்கு முன்னால் காயத்தைக் கேளுங்க.

போன மாசம் அவரைத் தேடிப் போனேன். தாமதத்துக்குக் காரணம் சொல்லி மனுப் போட்டுப் பாப்போம், சாட்சி வேணும்னேன். அன்னைக்குக் கூட வேலை பாத்தவங்கன்னு ஆறு பேரைச் சொன்னார். அஞ்சு பேருக்குப் பட்டப்பேருதான் தெரியும். நிசப்பேரு தெரியல, ஊரு தெரியும். அந்த ஆறு பேரும் என் நோட்டுல இருக்காங்க. கூட்டம் முடிஞ்சதும் ஸ்ரீவைகுண்டம் பக்கத்து ஆளுங்க யாராவது இருந்தா கொஞ்சம் நில்லுங்க. வாசிச்சுக் காட்டுதேன்.