அணு எரிபொருளுக்குக் கணக்கு எழுதியவர்கள்



2020 ஜனவரி 12ஆம் திகதி ஞாயிறு காலை எங்கள் கைத்தொலைபேசிகள் எல்லாம் ஒரே நேரத்தில் அலறியதை மறந்திருக்க மாட்டீர்கள். பிக்கரிங் அணுமின் நிலையத்தில் ஏதோ நடந்திருக்கிறது என்ற செய்தி. அது தவறுதலாக அனுப்பப்பட்டது என்ற இரண்டாவது செய்தி வர ஏறத்தாழ இரண்டு மணி நேரமாயிற்று. மோர்னிங்சைட்டிலிருந்து அந்த நிலையத்துக்குக் காரில் இருபது நிமிடம்தான். விமானச் சத்தம் கேட்டால் பதுங்குகுழிக்கு ஓடிய சனம் நாங்கள். அந்த இரண்டு மணி நேரம் எப்படிப் போயிருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அணு உலை என்றால் எங்கள் பேச்சு குண்டு, கதிர்வீச்சு என்பதோடு நின்றுவிடுகிறது. உள்ளே எரிபொருள் தன் உலோக உறைக்குள் அடங்கி இருக்குமா என்று அளந்து பார்ப்பவர் யார்? பெரும்பாலும் இரசாயனவியலாளர்கள்தான். அப்படிப்பட்ட சிலரைப் பற்றியே இன்றைய உரை. நான் வணிகம் படித்த கணக்காளன். எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன்.

இடம், சென்னைக்குத் தெற்கே மாமல்லபுரம் தாண்டியுள்ள கல்பாக்கம். அங்கே பிரான்சின் ‘ராப்சடி’ உலையை மாதிரியாக வைத்து ஒரு சோதனை வேக ஈனுலை கட்டத் திட்டமிட்டார்கள். செறிவூட்டிய யுரேனியம் வெளியிலிருந்து வருவதாக ஏற்பாடு. 1974இல் இந்தியா பொக்ரானில் அணுகுண்டுச் சோதனை செய்தது. அதற்கான புளூட்டோனியம் ‘சைரஸ்’ உலையில் உண்டானது. அந்த உலையைக் கொழும்புத் திட்டத்தின் கீழ் கொடுத்தது வேறு யாருமல்ல, நாங்கள் இன்று வரி கட்டும் கனடாதான். கனடா உறவை முறித்துக்கொண்டது. கல்பாக்கத்துக்கு வரவேண்டிய யுரேனியமும் வரவில்லை.

கையிலிருந்ததோ புளூட்டோனியம். அதை அதிகம் சேர்த்த ஒட்சைட்டு எரிபொருள், உலையைக் குளிர்விக்கும் திரவ சோடியத்தோடு ஒத்துப்போகாது. வெப்பத்தையும் சரியாகக் கடத்தாது. ஆகவே 70 வீதம் புளூட்டோனியம் காபைட்டு, 30 வீதம் யுரேனியம் காபைட்டு என்ற கலவையைத் தேர்ந்தார்கள். உலகில் எந்த உலையும் அப்படியொரு கலவையை முழு எரிபொருளாக வைத்து அதுவரை ஓடியதில்லை. பார்த்து எழுத அட்டவணை கிடையாது. எல்லாவற்றையும் தாங்களே அளக்க வேண்டியிருந்தது.

இங்கேதான் வெப்ப இயக்கவியல் வருகிறது. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஐந்தொகை எழுதுவது போன்றதுதான். இரண்டு பொருட்கள் சேருமுன் உள்ள சக்தி, சேர்ந்த பின் உள்ள சக்தி, வெப்பநிலை, இவற்றை வைத்துக் கணக்குப் போட்டால் அந்த மாற்றம் தானாக நடக்குமா, நடக்காதா என்று சொல்லிவிடலாம். எவ்வளவு வேகமாக நடக்கும் என்பதை மட்டும் இந்தக் கணக்குச் சொல்லாது.

காபைட்டில் காபன் கூடினால் அது உருக்கு உறைக்குள் நகரும். உருக்கிலுள்ள குரோமியம் காபனைப் பிடித்துக்கொள்ள, உறை நொறுங்கும் தன்மை அடையும். காபன் குறைந்தாலோ தனி உலோகம் பிரிந்து உறையையே தாக்கும். கறிக்கு உப்புப் போடுவது போல மிக ஒடுங்கிய இடைவெளி. போதாததற்கு, எரிய எரிய உள்ளே புதுப்புது மூலகங்கள் பிறக்கும். நேற்று எழுதிய கணக்கு இன்று சரிவராது. இந்தப் பொருளோ காற்றுப் பட்டால் தீப்பிடிக்கக்கூடியது. எனவே மந்த வாயு நிரப்பிய பெட்டிக்குள் இறப்பர் கையுறை வழியாகக் கைவிட்டு வேலை செய்தார்கள். ஊசித்துளை போட்ட சிறு கலத்தில் வைத்துச் சூடேற்றி, துளையால் கசியும் ஆவியைத் திணிவு நிறமாலைமானியால் எண்ணினார்கள்.

இந்த வேலைக்குத் தலைமை தாங்கியவர்களில் ஒருவர் சி. கே. மத்யூஸ். அவரோடு உழைத்து வளர்ந்தவர் பி. ஆர். வாசுதேவ ராவ். பம்பாய் திராம்பேயில் தொடங்கிக் கல்பாக்கம் வந்து, 2013 முதல் 2015 வரை அந்த ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநராக இருந்தவர். எரிந்து முடிந்த எரிபொருளிலிருந்து புளூட்டோனியத்தைப் பிரிக்கும் கரைப்பான்களிலும் அவர் நெடுங்காலம் ஆராய்ந்தார்.

உலை 1985 அக்டோபர் 18இல் இயங்கத் தொடங்கியது. முதலில் எரிபொருளுக்குத் தாழ்ந்த எல்லையே வைத்தார்கள். எரிந்த கோல்களை வெட்டிப் பார்த்துப் பார்த்து எல்லையை உயர்த்தி, தொன்னுக்கு 1,65,000 மெகாவாட் நாள் வரை கொண்டுபோனார்கள். திட்டமிட்ட 40 மெகாவாட் வெப்ப வலுவை உலை எட்டியதோ 2022 மார்ச்சில்தான். கணக்காளனாக அந்த முப்பத்தாறு வருடத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறேன். ஆனால் அவசரப்பட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எண்ணும்போது பெருமூச்சு அடங்கிவிடுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கூடங்குளத்தில் 2011, 2012இல் மீனவக் குடும்பங்கள் கடற்கரையில் திரண்டபோது அவர்களுடைய பயத்தை அறியாமை என்று தள்ளியவர்கள் உண்டு. எனக்கு அது சம்மதமில்லை. ஒரு நிறுவனத்தின் பக்கத்தில் குடியிருப்பவன் அதன் கணக்கைப் பார்க்கக் கேட்கலாம். அளந்தவர்கள் ஆங்கில ஆய்விதழ்களில் எழுதினார்கள். கரையில் இருந்தவர்களுக்கு அவர்களுடைய பாஷையில் போதியளவு சொல்லப்படவில்லை. பிக்கரிங் விடயத்தில் எங்களுடைய நிலையும் அதிகம் வேறல்ல.

பிக்கரிங் உலைகள் கல்பாக்கத்து வகையல்ல. இயற்கை யுரேனிய ஒட்சைட்டும் கனநீரும் கொண்டு ஓடுபவை. ஒன்றாம், நான்காம் உலைகள் 2024இல் நிறுத்தப்பட்டுவிட்டன. மற்றவற்றைப் புதுப்பிக்கும் திட்டம் இருக்கிறது. அதற்கு ஆட்கள் தேவை. டாக்டர், இஞ்சினியர், என்னைப் போல் கணக்காளர் என்று மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லும் பெற்றோர், இரசாயனவியல் படிக்கவேண்டும் என்று பிள்ளை கேட்டால் மறிக்காதீர்கள். ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகம் எங்கள் வாசலிலேயே இருக்கிறது. அணுசக்திப் பொறியியலுக்கு ஒஷாவாவில் ஒன்ராறியோ ரெக் பல்கலைக்கழகம் உண்டு.

கேள்விகள் இருந்தால் நிலையத்துக்கு எழுதுங்கள். விடை தெரிந்தவர்களைத் தேடிப் பிடித்து அடுத்த மாதம் கூட்டி வருகிறேன்.